ஜெஃப்ரி பெயரில் நான் அடித்த கோல்

மயிலாப்பூர்,
செவ்வாய் மாலை.

இதனால் சகல ஜனங்களுக்கும், முக்கியமாகப் பெர்த் நகரவாசியான எங்கள் வீட்டு மூத்த மகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மயிலாப்பூர் திருவாளர் இன்னாசிமுத்து அவர்களின் வலக்கை, சென்ற ஞாயிறு மாலை, தியாகராய நகரில் முத்துகிருஷ்ணன் அங்கிள் வீட்டு மொட்டைமாடியில், ஒரு ரப்பர் பந்தை எதிர்த்து நடந்த போரில் விழுப்புண் பெற்று வலிக்கை ஆகிவிட்டது. அன்னாரின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது. மலர்வளையம் வேண்டாம். சாக்லேட் அனுப்பலாம்.

(மேலே உள்ளது என் கைவரிசை, அக்கா. நான் ஆண்ட்ரூ. அப்பாவால் பேனா பிடிக்க முடியாததால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இப்படி அடைப்புக்குறிக்குள் வருவது என் சரக்கு, வெளியே இருப்பது அப்பா சரக்கு. கலப்படம் இல்லை.)

அன்பு மகள் லிசாவுக்கு அப்பா சொல்லி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் சௌக்கியம், ஒரே ஒரு மணிக்கட்டு நீங்கலாக. அங்கே நீயும் உன் பாலர் பள்ளிக் குழந்தைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினம் ஜெபமாலையில் ஒரு மணி கூட்டிச் சொல்கிறாள். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை விமானம் ஏறும் முத்துகிருஷ்ணனின் மகள் ஷண்முகப்ரியா கையில் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நீ கேட்ட பருத்தி நைட்டி மூன்று. ஊறுகாய் பாட்டிலை அம்மா ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றி மம்மி மாதிரி ஆக்கியிருக்கிறாள், கத்தியால் குத்தாதே, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பிரி. லஸ் முனையில் மெட்ரோவுக்காகத் தகரம் அடைத்து வைத்திருப்பதால் அம்மா அடையாறு பள்ளிக்குப் போக இப்போதெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாள், பள்ளியில் பிள்ளைகளைத் திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் ஆட்டோவிலேயே திட்டித் தீர்த்துவிடுவதால் வகுப்பில் சாந்தமாக இருக்கிறாளாம். ஆண்ட்ரூ பிளஸ் ஒன்னில் நன்றாகப் படிக்கிறான் என்று எழுதச் சொல்கிறான், எழுதியிருப்பான். நீ வெயிலில் தொப்பி போடாமல் போகாதே, அந்த ஊர் வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி சொல்லிவிட்டுச் சுடாதாம். காலையில் வெறும் காபியோடு ஓடாதே. இதையெல்லாம் போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று இடையில் வெட்டுவாய். கடிதத்தை வெட்ட முடியாது பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரண்டு தட்டு இறங்கியது, நான் சாட்சி.) உங்கள் கோயிலில் பூசை முடிந்து ஒரு வயதானவர் உன்னிடம் நீ மெட்ராஸா என்று கேட்டார், லஸ் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் பெயர் ஜெஃப்ரி, லஸ் ஹார்னெட்ஸ் என்ற கால்பந்து டீமில் ஆடியவர், அந்த டீம் வாங்கிய ஒரே கோப்பைக்குக் கோல் அடித்தவர், வருகிற ஞாயிறு பெர்த்தில் பழைய ஹார்னெட்ஸ் குடும்பங்கள் எல்லாம் கூடி அந்தக் கோலுக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்கள், நீயும் வரவேண்டும் என்று அழைத்தார் என்றெல்லாம் நீ சொல்லிவிட்டு, ஏன்பா அந்தக் கோலை நீங்கள் அடித்ததாகத்தானே சின்ன வயசிலிருந்து சொல்வீர்கள் என்று ஒரு சந்தேகக் குரலில் கேட்டாயே, அந்தக் குரல்தான் என்னைக் கொன்றது. பெற்ற மகளே சந்தேகப்படும்போது நான் யாரிடம் போய் முறையிடுவது? அதனால் ஞாயிற்றுக்கிழமை நேராக முத்துகிருஷ்ணன் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன், எங்கள் பழைய கூட்டாளி அப்துல் வஹீதும் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் முத்துகிருஷ்ணன், நாசரேத் பக்கத்துப் பேச்சு அவனுக்கு இன்னும் போகவில்லை, எலேய் இன்னாசி, உன் கோலு உனக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுத்து ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆயிட்டுல்லா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வஹீத், இன்னா நைனா, ஒரே ஒரு கோலு அட்ச்சிட்டு நாப்பது வருசமா அதையே மென்னுகினு கீறியே, துப்பேன் என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படி அடித்தேன் தெரியுமா என்று முத்துகிருஷ்ணன் பேரனின் ரப்பர் பந்தை வாங்கி மேலே எறிந்து, முதுகு தரைக்கு, கால் வானத்துக்கு என்று பைசைக்கிள் கிக்கைச் செய்து காட்டினேன். மீதியை மேலே அறிவிப்பில் படித்திருப்பாய்.

(கட்டுக்கதை சொன்ன கைக்கு மாவுக்கட்டு என்றேன், அப்பா முறைக்கிறார். அவர் தூங்கும்போது கட்டின் மேல் மார்க்கரால் ஜெஃப்ரி என்று எழுதிவிட்டேன். இன்று டாக்டர், சார் உங்க பேரு இன்னாசிமுத்துன்னுதானே சீட்டுல இருக்கு, பேஷண்ட் மாறிட்டாரா என்று கேட்டார்.)

அம்மா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாள். நிச்சயதார்த்தத்தன்னிக்கு அந்தக் கோலை நெஞ்சுல வாங்கிக் காலால தட்டினேன்னு சொன்னீங்க, லிசா பொறந்தப்ப தலையால முட்டினேன்னீங்க, ஆண்ட்ரூ பொறந்தப்ப பறந்துட்டீங்க, இனி பேரப்பிள்ளை பொறந்தா ஹெலிகாப்டர்லேர்ந்து குதிச்சு அடிச்சிருப்பீங்க என்கிறாள். இவர்கள் கிடக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் உனக்கு முழுக் கதையும் தெரிய வேண்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

லஸ் ஹார்னெட்ஸ் ஆங்கிலோ இந்தியர்களின் கிளப். லஸ்ஸிலிருந்து சாந்தோம் வரைக்கும் உள்ள சந்துகளில் அப்போது அவர்கள் குடும்பங்கள் நிறைய. ரயில்வே கார்டு, தந்தி ஆபீஸ், துறைமுகம் என்று வேலை. சாயங்காலமானால் சட்டைக்கு மேல் மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு மணலில் ஆடப் போவார்கள். ஹார்னெட் என்றால் குளவி. ஊர்க்காரர்கள் கொளவி டீம் என்பார்கள். (கொட்டியதைவிடக் கொட்டு வாங்கியதே அதிகம் என்று வஹீத் அங்கிள் சொல்லியிருக்கிறார்.) கிளப்புக்கு ஆபீஸ் என்று எதுவும் கிடையாது, கேப்டன் ஹென்றி அங்கிள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அவர் ரயில்வே கார்டு, விசில் ஊதியே உதடு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் நாற்காலிகளை எல்லாம் வெளியே போட்டுவிட்டு டான்ஸ் வைப்பார்கள், அதில் சேர்ந்ததில்தான் வருஷத்துக்கு ஒரு பந்து வாங்குவார்கள். கிளப்பில் ஒரே ஒரு விதி. குளவி ஜெர்சியைத் தங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் போடக்கூடாது. அவர்கள் நல்ல மனுஷர்கள்தான், யாரையும் விரட்டியதில்லை. ஆனால் ஊரில் அவர்களுக்கென்று இருந்தது அந்த ஜெர்சி ஒன்றுதான், அதை விட மனசில்லை. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது நான் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுகிறவன், எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்ப ஆரம்பித்தது. முதலில் லண்டன், பிறகு மெல்போர்ன், பிறகு கும்பல் கும்பலாகப் பெர்த். ஒரு ஞாயிறு பூசையில் முன் பெஞ்சில் இருந்தவர்கள் அடுத்த ஞாயிறு இருக்க மாட்டார்கள். டீமில் பதினொரு பேர் தேறவில்லை. கோலில் நிற்க டெஸ்மண்ட் இல்லை, ஓரத்தில் ஓட மெல்வின் இல்லை. வெளியாட்களைச் சேர்த்தால் விதி உடையும், சேர்க்காவிட்டால் கிளப் உடையும். ஹென்றி அங்கிள் ஒரு வழி கண்டுபிடித்தார் பார், அவர் மாதிரி ஓர் ஆளுக்குத்தான் அது தோன்றும். விதியை உடைக்கவில்லை, ஆளையும் மாற்றவில்லை. கிளம்பிப் போகிறவன் தன் ஜெர்சியைத் துவைத்து இஸ்திரி போட்டு அந்த முன்னறைக்குக் கொண்டுவருவான். அதை வாங்கப் போகிற பையன் எதிரில் நிற்பான். ஜெர்சியைக் கொடுக்கும்போது கூடவே தன் பெயரையும் கொடுத்துவிடுவான். அன்றிலிருந்து மைதானத்தில் அவன்தான் இவன். பட்டியலில் அதே பெயர், கூப்பிடுவது அதே பெயர், திட்டுவதும் அதே பெயர். ஒரு கிளாஸ் இஞ்சி ஒயின் கொடுப்பார்கள், குடித்ததும் முடிந்தது ஞானஸ்நானம். எனக்கு ஜெஃப்ரியின் ஜெர்சி விழுந்தது. எனக்கு அப்போது ஆண்ட்ரூ வயசு. ஜெஃப்ரி ஊரிலேயே பெரிய ஃபார்வர்டு, பெர்த் போக டிக்கெட் வந்துவிட்டது, அழுதுகொண்டே சட்டையை என் கையில் வைத்தார். ஹென்றி அங்கிள் என் பெயரைக் கேட்டார், இன்னாசி என்றேன். இன்னா சீயா, வேணாம் மேன், நாளைலேர்ந்து நீ ஜெஃப்ரி, புரிஞ்சுதா மேன், ஜெஃப்ரி மாதிரி ஓடு, ஜெஃப்ரி மாதிரி உதை, ஆனா ஜெஃப்ரி மாதிரி ரெஃப்ரிகிட்ட சண்டை போடாத என்றார்.

வஹீத் மெல்வின் ஆனான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு நேராக மைதானத்துக்கு வந்து தொப்பியை டிராயர் பையில் சொருகிக்கொண்டு மெல்வினாக ஓடுவான். முத்துகிருஷ்ணன் டெஸ்மண்ட். அவன் அப்பா ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார், மகன் கல்லாவில் இல்லாமல் எங்கே போகிறான் என்று ஒருநாள் தேடிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். இங்க முத்துகிருஷ்ணன்னு ஒரு பையன் இருக்கானா என்று கேட்டார். எங்களில் ஒருத்தனுக்கும் சட்டென்று புரியவில்லை, சத்தியமாக நடித்தது இல்லை, அந்தப் பெயரை அங்கே யாரும் கேட்டதே இல்லை. அப்படி யாரும் இல்ல அங்கிள் என்று நானே சொன்னேன். அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், கோல் கம்பத்துக்கு நடுவில் அவர் மகன் நிற்கிறான், ஊரே டெஸ்மண்ட் டெஸ்மண்ட் என்று கத்துகிறது. ஏ பாவி, பேரையே வித்துப்புட்டியால என்று செருப்பைக் கழற்றி வீசினார். முத்துகிருஷ்ணன் செருப்பையும் பிடித்தான், அதே நிமிஷம் வந்த பந்தையும் பிடித்தான். அவன் வாழ்க்கையில் அதுதான் சிறந்த சேவ். அப்பா அரை மணி நேரம் கோட்டுக்கு வெளியே குந்தி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.

(பொறுப்பில்லாமல் வேறு பெயரில் திரிந்த இவர்தான் நான் இன்ஸ்டாகிராமில் வேறு பெயரில் இருந்தேன் என்று போனைப் பிடுங்கி வைத்தவர். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.)

இப்படி ஒவ்வொருத்தராக மாறி மாறி, கடைசியில் ஆங்கிலோ இந்தியன் கிளப்பில் ஆங்கிலோ இந்தியன் என்று ஹென்றி அங்கிள் ஒருவர்தான் மிச்சம். பட்டியலைப் பார்த்தால் ஜெஃப்ரி, மெல்வின், டெஸ்மண்ட் என்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கும். ஆளைப் பார்த்தால் மயிலாப்பூர் மாட வீதி. ஒரு உண்மையைச் சொல்கிறேன் லிசா, அந்தப் பெயரில் ஆடுவதில் ஒரு சுகம் இருந்தது. கோல் தவறினால் ஜெஃப்ரி தவறவிட்டான், அடித்தால் நான் அடித்தேன். எதிர் டீம்காரன் என்ன கெட்ட வார்த்தை சொன்னாலும் அது பெர்த்துக்குப் போய்ச் சேரும்.

அந்த வருஷம் பங்குத் திருவிழாவை ஒட்டி நடந்த கோப்பையில் எப்படியோ ஃபைனல் வரைக்கும் போய்விட்டோம். எப்படியோ என்றால், ஒரு டீம் மழைக்கு வரவில்லை, ஒரு டீமுக்கு வயிற்றுப்போக்கு. ஃபைனலில் ஆதம்பாக்கம். அவர்கள் ஆட்கள் எல்லாம் மீசை வைத்த ஆம்பிளைகள், எங்களுக்கு மீசை பென்சிலில் வரைந்தது மாதிரி. முழு ஆட்டமும் பந்து எங்கள் பக்கத்திலேயே கிடந்தது, டெஸ்மண்ட் என்கிற முத்துகிருஷ்ணன் விழுந்து விழுந்து பிடித்து முட்டி இரண்டும் பெயர்ந்துவிட்டது. ஹென்றி அங்கிளுக்கு அன்று காலையில்தான் விசா வந்திருந்தது, அது எங்களுக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை. முடியப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கார்னர். வஹீத் எடுத்தான். பந்து வெயிலுக்குள் போய் மறைந்து இறங்கியது. நான் கோலுக்கு முன்னால், என்னைச் சுற்றி மீசைக்காரர்கள். மற்றவன் என்றால் பயந்திருப்பான். நான் எழும்பினேன் மகளே, முதுகு பூமிக்கு, முகம் வானத்துக்கு, இரண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி, ஒரே உதை. பந்து வலைக்குள் போன சத்தம் எனக்குக் கேட்டது, அதற்கப்புறம் ஊரே என் மேல் விழுந்தது. மைக்கில் கோல் அடித்தவர் ஜெஃப்ரி என்று சொன்னார்கள். ஹென்றி அங்கிள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெஃப்ரி ஜெஃப்ரி என்று அழுதார். நானும் கையை ஆட்டினேன், அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

(கோலா, கோல்மாலா என்று கேட்டேன். இடது கையாலேயே ஒரு குட்டு விழுந்தது. இடது கை நன்றாக வேலை செய்கிறது என்பதை டாக்டருக்குத் தெரிவிக்கிறேன்.)

அந்தச் செய்திதான் பெர்த் போயிருக்கிறது. ஜெஃப்ரி கோல் அடித்தான், ஹார்னெட்ஸ் கோப்பை வாங்கியது என்று யாரோ எழுதியிருப்பார்கள், அங்கே இருக்கிறவர்கள் ஓடிப்போய் இவரைத் தூக்கியிருப்பார்கள். இவர் ஏதோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார் அப்போது. அங்கிருந்து காலை நீட்டி மயிலாப்பூரில் கோல் அடிக்க அவர் கால் என்ன இந்துமகா சமுத்திரத்துக்குக் குறுக்கே போட்ட பாலமா? நான் அவரைக் குறை சொல்லவில்லை, முதலில் மறுத்திருப்பார், அப்புறம் மறுத்து மறுத்து அலுத்திருப்பார். ஆனாலும் கேடயம் என்று வரும்போது மனுஷனுக்கு ஒரு வரம்பு வேண்டாமா.

கிளப் எப்படி மூடியது என்றும் கேட்டாய். சண்டை எதுவும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து ஹென்றி அங்கிளும் போய்விட்டார். தன் ஜெர்சியை யாருக்கும் கொடுக்கவில்லை, போட்டுக்கொண்டே விமானம் ஏறினார். பெர்த்தில் பல வருஷம் இருந்து அங்கேயே அடக்கமானார். அடுத்த வருஷம் திருவிழாக் கமிட்டிக்காரர், நல்ல மனுஷர், எங்களைக் கூப்பிட்டு, தம்பிகளா, இனிமே இந்த வேஷம் எதுக்கு, சொந்தப் பேரைக் கொடுங்க, ஹார்னெட்ஸ்னே ஆடுங்க என்றார். நாங்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். கடைசியில் வஹீத், மச்சி, அப்துல் வஹீதுன்னு மைக்ல கூப்ட்டா எனக்கு ஓட வராதுடா, மெல்வினுக்குத்தான்டா ஓட வரும் என்றான். முத்துகிருஷ்ணனும் நானும் தலையாட்டினோம். பெயர் கொடுக்கவில்லை. யாரும் மூடாமலே கிளப் மூடிக்கொண்டது. ஹென்றி அங்கிள் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி, கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை.

சொந்தப் பெயரைக் கொடுக்க அன்று வெட்கப்பட்டவன், இன்று கேட்கிறேன் மகளே. எனக்குக் கேடயம் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை, அந்தக் கோலை அடித்தது மயிலாப்பூர் இன்னாசிமுத்து, என் அப்பா என்று நீ சத்தமாகச் சொன்னால் போதும். பைசைக்கிள் கிக் என்பதையும் சேர்த்துக்கொள். பெரியவர் மனசு நோகாமல் சொல், ஆனால் சொல்லாமல் வந்துவிடாதே. நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போ, மேடையில் தெரியும். மாதா உன்னை முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் வேலையும் உன் பள்ளிப் பிள்ளைகளும் உன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கட்டும். ஷண்முகப்ரியாவுக்கு ஊர் புதுசு, ஒரு மாதமாவது கூடவே இருந்து பஸ் ஏற்றிவிடு. நார்த்தங்காயில் அவளுக்கும் பாதி. மறந்துவிடாதே.

இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும்,
உன் அன்பு அப்பா,
இன்னாசிமுத்து.

புதன் காலை.

லிசா, உறை ஒட்டுவதற்குள் நீ அனுப்பிய குரல் பதிவு வந்துவிட்டது, அதனால் இன்னும் கொஞ்சம். இந்தப் பகுதியில் அடைப்புக்குறியே வரக்கூடாது என்று ஆண்ட்ரூவிடம் சொல்லியிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு எழுதுகிறான். நேற்று எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுது என்றேன், கை வலிக்கிறது, வீட்டில் இன்னொரு மாவுக்கட்டுக்கு இடமில்லை என்கிறான். ஆகவே அது அப்படியே வருகிறது, என்ன செய்ய.

நீ அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் அவரையே கோல் கதையைச் சொல்ல வைத்துப் பதிவு செய்திருக்கிறாய், நல்லது. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று பேரும் சமையலறையில் நின்றே கேட்டோம். ஜெஃப்ரி அங்கிளின் குரல் மாறவே இல்லை. ஹீரோ கீரோ ஒண்ணும் இல்ல மேன் என்று ஆரம்பிக்கிறார். அது நான் இல்ல, என் சட்டையை வாங்கின ஒரு ஒல்லிப் பையன், நான் சொன்னா இங்க எவனும் நம்ப மாட்டேங்கறான், அதனால அவன் அடிச்சதை நானே அடிச்ச மாதிரி சொல்லிக்கினு கீறேன், ஹென்றி வந்து எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன் என்கிறார். அப்புறம் சொல்கிறார்: நான் கோலுக்குப் போற பந்தைப் பாக்கவே இல்ல மேன், முதுகைக் காட்டிக்கினு நின்னேன், எங்கேந்தோ வந்து என் பின்னாடி டமால்னு பட்டுச்சு, திரும்பிப் பாக்கறேன், பந்து உள்ள கீது, எல்லாரும் என் மேல விழறானுங்க. சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார், நீயும் சிரிப்பது கேட்கிறது. அம்மா சிரிக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள், அடுப்பைச் சின்னதாக்கினாள், பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

நான் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். மைதானத்திலேயே இல்லாத மனுஷர் நடந்ததை நடந்தபடி சொல்கிறார், அங்கே நின்றவன் நான் நாற்பது வருஷமாக நடக்காததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து எதுவும் பேச வேண்டாம், அவரே சொல்லட்டும், என்னைவிட நன்றாகச் சொல்கிறார், கேடயமும் அவரிடமே இருக்கட்டும். ஆனால் ஒல்லிப் பையன் என்றாரே, அந்தப் பையன் நலம், மயிலாப்பூரில்தான் இருக்கிறான், பெயர் இன்னாசி என்று தனியாக அவர் காதில் சொல். இன்னொன்றும் சொல். ஹென்றி அங்கிளுக்கே தெரியாதது, வஹீதுக்கும் தெரியாதது, உன் அம்மாவுக்கு இதோ இந்த நிமிஷம்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் ஏன் பந்துக்கு முதுகு காட்டி நின்றேன் என்பது. ஜெஃப்ரி அங்கிள் கொடுத்தது சட்டை மட்டுமில்லை, கூட ஒரு டிராயரும். அவர் அப்போது ஆள் வாட்டசாட்டம், அந்த இடுப்பில் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். வஹீத் கார்னர் எடுக்க ஓடி வரும்போது அதன் நாடா அறுந்துவிட்டது. நான் எழும்பவும் இல்லை, பறக்கவும் இல்லை மகளே. ஜனங்கள் இருந்த பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக் குனிந்து, இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.